இடது காதின் சாட்சி

அந்தச் சலூன்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வங்கிப் புத்தகத்தைத் திறந்தால் பார்க்கலாம். ஊருக்கு அவர் ‘ஒருசொட்டு’. அந்தப் பட்டம் கிடைத்ததற்கு அவரேதான் காரணம். சுழல் நாற்காலியில் புதிதாக யார் உட்கார்ந்தாலும், வெள்ளைத் துணியை உதறிக் கழுத்தில் கட்டும்போதே ஆரம்பித்துவிடுவார்.

“முப்பத்திரண்டு வருஷம் சார். இந்தக் கை ஒரு சொட்டு ரத்தம் பார்த்ததில்ல. ஒரே ஒரு சொட்டுகூட இல்ல! யாரை வேணாலும் கேட்டுப் பாருங்க.”

யாரும் போய்க் கேட்டதில்லை. கழுத்தில் கத்தி இருக்கும்போது யாருக்குச் சந்தேகம் கேட்கத் தோன்றும்? போதாக்குறைக்கு அதையே ஒரு பலகையில் சிவப்புப் பெயின்டால் எழுதிக் கண்ணாடிக்கு மேலே மாட்டியும் வைத்திருந்தார். ரத்தம் இல்லை என்று சொல்லும் பலகைக்குச் சிவப்பு எதற்கு என்று மனைவி கேட்டார். ஒருசொட்டு கேட்டால்தானே.

ஆள் குட்டை. உயரத்தில் விட்டதை மீசையில் பிடித்திருந்தார். வாய் ஓயாது. பேச்சு நின்றால் கத்தரியும் நின்றுவிடும் என்பதால் வாடிக்கையாளர்களே அவ்வப்போது “அப்புறம்?” என்று எடுத்துக் கொடுப்பார்கள். ஆனால் கைதேர்ந்த வேலைக்காரர். அவர் கண்டுபிடித்த ‘இடப்பக்க வெட்டு’ ஊரில் பிரபலம். இடது பக்கத்து முடியைக் கொஞ்சம் நீளமாக விட்டு, காதின் மேல்பாதி மறையும்படி அலைபோல இழுத்துவிடுவது. முதன்முதலில் அதை வைத்துக்கொண்டவர் பெரிய வீட்டு ஐயா. அவ்வளவு மரியாதைக்குரிய மனிதர் ஒரு பாணியில் முடி வெட்டிக்கொண்டால் ஊர் சும்மா இருக்குமா? பத்தே வருடத்தில் ஆண்களில் பாதிப் பேருடைய இடது காது வெயிலையே பார்க்கவில்லை.

பெரிய வீட்டுத் தோட்டச் சுவரை ஒட்டி ஒரு நடைவழி போகும். ‘சுவரோரம்’ என்பார்கள். சலூன் வாசலில் ஆரம்பித்து, பேருந்து நிறுத்தத்தின் பின்பக்கம், ஒருசொட்டின் வீடு இருக்கும் வரிசையில் முடியும். ஒரு சைக்கிளும் ஓர் ஆளும் எதிரெதிரே வந்தால், ஆள் வயிற்றை எக்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அகலம். சுவரைவிட வழி பழையது. கீழே பாவிய கற்கள் ஆளாளின் காலடி பட்டு நடுவில் குழிந்திருக்கும். நகராட்சியின் பழைய வரைபடத்தில் அது வெறும் புள்ளிக்கோடு. யாருடையது என்று எழுத யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வழியில் தினமும் ஒரு மணிக்கு ஒருசொட்டின் மனைவி சாப்பாட்டுக் கேரியரோடு வருவார். வீட்டிலிருந்து தையல் வேலை பார்ப்பவர். முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்த பிறகு, எத்தனை அடி நடக்கிறீர்கள் என்று எண்ணிச் சொல்லுங்கள் என்றார் மருத்துவர். எண்ணினார். இருநூற்றுப் பன்னிரண்டு. சலூனின் திரைக்குப் பின்னால் இருவரும் சேர்ந்து சாப்பிடுவார்கள். மனைவி பேசுவார், அவர் கேட்பார். ஒரு நாளில் ஒருசொட்டின் வாய் ஓய்ந்திருக்கும் அரைமணி நேரம் அது ஒன்றுதான். அதை அவர் எவ்வளவு விரும்பினார் என்பதை மட்டும் யாரிடமும் பேசியதில்லை.

பெரிய வீட்டு ஐயா சில மாதங்களுக்கு முன் இறந்துபோனார். வெளியூரில் இருந்த மகன் திரும்பி வந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் காரில் போகிறவர். இரண்டு கார்களை நிறுத்த இடம் தேடியபோது, சுவரைத் தள்ளிக் கட்டிச் சுவரோரத்தையும் தோட்டத்தோடு சேர்த்துக்கொண்டால் போதும் என்று அவருக்குத் தோன்றியது. ஒரு நாள் காலை ஊர் விழித்தபோது வழியின் இரண்டு முனையிலும் இரும்புக் கதவு நின்றது. பூட்டு இன்னும் போடவில்லை. பக்கத்தில் நகராட்சியின் அறிவிப்பு தொங்கியது. இந்த வழி தனியாருடையது என்று உரிமையாளர் மனு கொடுத்திருக்கிறார், ஆட்சேபம் உள்ளவர்கள் முப்பது நாளுக்குள் எழுதித் தரலாம்.

ஊர் கொதித்தது. தபால்கார அக்காதான் முன்னால் நின்றார். இருபது வருடமாகத் தபால் பையோடு அந்தக் கற்களில் நடந்தவர். ஏழு பக்கத்துக்கு ஆட்சேப மனு எழுதினார். யார் யார் எதற்காக அந்த வழியில் நடந்தார்கள், பிரசவ வலி எடுத்தவளை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், எல்லாம் வந்தது. பதினான்காவது பத்தியை ஒருசொட்டு தானே வரி வரியாகச் சொல்லி எழுத வைத்தார்.

‘இந்த வழியின் அருமை அறிந்தவர் எங்கள் சலூன்காரர். வழி விட்ட பெரிய மனதுக்கு நன்றியாக, பெரிய வீட்டு ஐயாவுக்கு முப்பத்திரண்டு வருடம் இலவசமாக முடி வெட்டி வந்தார்.’

எழுதும்போது அக்காவுக்குக் கண் கலங்கியது. நூற்று நாற்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கையெழுத்து ஒருசொட்டுடையது, கீழே இரண்டு கோடு இழுத்து.

நகராட்சி மாடியில் விசாரணை. அதிகாரி அம்மா மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்து மாட்டியிருந்தார். பிளாஸ்டிக் நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோடு நின்றார்கள். பெரிய வீட்டு மகன் வக்கீல்கூட வைத்துக்கொள்ளவில்லை. எழுந்து நின்று பதினான்காவது பத்தியை மட்டும் நிதானமாகப் படித்தார்.

“‘வழி விட்ட பெரிய மனது.’ இது அவங்களே எழுதினது மேடம். அப்ப வழி எங்கப்பா விட்டதுதானே? சலூனுக்கும் சலூனுக்கு வர்றவங்களுக்கும் அனுமதி கொடுத்தார். அவங்களும் அதுக்குப் பதிலா மாசாமாசம் முடி வெட்டி விட்டாங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்லணும்?”

அதிகாரி அம்மா எல்லோருக்கும் புரியும்படி சொன்னார். இருபது வருடம் யாரையும் கேட்காமல், யாரும் தடுக்காமல் மக்கள் நடந்திருந்தால் அது பொதுவழி. ஒருவர் அனுமதி கொடுத்து, அதற்கு நன்றிக்கடன் செலுத்தி நடந்திருந்தால் அது அவர் வீட்டு வழி. அவர் பிள்ளை மூடலாம்.

“சலூன்காரர் யாரு? நீங்களா? இதுல எழுதியிருக்கறது உண்மையா? அந்த வழிக்காகத்தான் இலவசமா வெட்டினீங்களா?”

ஒருசொட்டு எழுந்தார். வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. அவரை முப்பது வருடமாக அறிந்தவர்கள் பயந்துபோனார்கள். தண்ணீர் கொண்டுவர ஒருவர் ஓடினார். அடுத்த வியாழக்கிழமை சத்தியப்பிரமாணம் செய்து பதில் சொல்லுங்கள் என்று அதிகாரி அம்மா ஒத்திவைத்தார்.

அந்த வாரம் சலூனில் முடிவெட்டிக்கொண்டவர்களைவிட யோசனை சொன்னவர்கள் அதிகம்.

“வழிக்காக வெட்டலன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்கண்ணே” என்றார் தபால்கார அக்கா. பாவம், ஏழு பக்கம் எழுதிய கை, இப்போது பிசைந்துகொண்டிருந்தது.

“அப்ப எதுக்கு வெட்டினேன்னு கேப்பாங்களே தங்கச்சி?”

“வயசுக்கு மரியாதைன்னு சொல்லுங்க.”

அரை முகம் சவரமாகி நாற்காலியில் சாய்ந்திருந்த எண்பது வயதுக்காரர் துணியை விலக்கிக்கொண்டு எழுந்தார். “அப்படியா? வயசுக்கு மரியாதைன்னா என்கிட்ட மட்டும் எதுக்குய்யா இத்தனை வருஷம் காசு வாங்கினே?”

அந்தப் பொய்யும் அத்தோடு போயிற்று.

உண்மை வேறு. அது தெரிந்த இருவரில் ஒருவர் மண்ணுக்குள் போய்விட்டார்.

முப்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால், கடை திறந்த நான்காம் நாள். நாற்காலியில் பெரிய வீட்டு ஐயா. இவ்வளவு பெரிய மனிதர் வந்த குஷியில் ஒருசொட்டுக்குத் தலைகால் புரியவில்லை. வெட்டிக்கொண்டே ஏதோ கதை சொன்னார். கதையில் யாரோ கை வீசுகிறார்கள். இவரும் வீசிக் காட்டினார், கத்தரி இருந்த கையால். ‘சரக்’ என்றது. வெள்ளைத் துணியில் இடது காதின் மேல் ஓரம் பயறளவு விழுந்து கிடந்தது. பிறகு ரத்தம். அது சொட்டுக் கணக்கில் வரவில்லை.

ஒருசொட்டு படிகாரக் கட்டியைத் தேடி எடுத்து அழுத்தினார். ஐயா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டார். ஆனால் கத்தவில்லை. கடைசியில் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“இது வெளிய தெரிஞ்சா உன் கடைக்கு ஈ காக்கா வராது. நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். நீயும் சொல்லாதே.”

“ஆயுசுக்கும் உங்க தலை என் பொறுப்புங்க ஐயா. ஒரு பைசா வாங்கமாட்டேன்.”

“தலை சரி. காதை மட்டும் எண்ணிக்கிட்டு வெட்டு.”

அந்தக் குறையை மறைக்கத்தான் இடப்பக்க வெட்டு பிறந்தது. ஊரே கொண்டாடிய பாணி, வெட்டுப்பட்ட ஒரு காதை மூடிய கட்டு. அதற்கப்புறம் மாதத்தின் முதல் ஞாயிறன்று ஐயா வருவார். வெட்டி முடித்ததும் ஒருசொட்டு பின்னால் கைக்கண்ணாடியைப் பிடிப்பார். ஐயா இரண்டு காதையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டும் இருக்கு” என்பார். கடையில் இருப்பவர்கள் ஐயாவின் குறும்பு என்று சிரிப்பார்கள். ஒருசொட்டு மட்டும் வியர்வையைத் துடைத்துக்கொள்வார். ஏன் அவரிடம் மட்டும் காசு வாங்குவதில்லை என்று கேட்டவர்களிடம், வாய்க்கு வந்ததை எடுத்துவிட்டார். ‘அவர் வழியிலதானே நடக்கறோம், அந்த நன்றிதான்.’ கேட்க நன்றாக இருந்ததால் திரும்பத் திரும்பச் சொன்னார். முப்பத்திரண்டு வருடம் சொன்னதில் ஊரும் நம்பியது, பாதி நாள் அவரும் நம்பினார். இப்போது அந்தப் பொய்தான் வழிக்கு இரும்புக் கதவு போட்டு நின்றது.

உண்மையைச் சொன்னால் வழி பிழைக்கும், சலூன் பிழைக்குமா? சொந்த ஊர் முன்னால் ‘காதை வெட்டியவன்’ என்று நின்றபிறகு யார் வந்து கழுத்தை நீட்டுவார்கள்? சொல்லாவிட்டால் வழி போகும். கடை இருக்கும். இரவல் பெருமையும் இருக்கும். அந்த வாரம் முழுக்க அவர் பலகையை நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

புதன்கிழமை சாப்பாட்டின்போது மனைவி சாதாரணமாகத்தான் சொன்னார்.

“கதவைப் பூட்டிட்டா மெயின் ரோடு சுத்தித்தான் வரணும். மேம்பாலத்துல அறுபத்து நாலு படி. என் முட்டிக்கு அது ஆகாதுங்க. காலையில நீங்க போறப்பவே டப்பா கட்டிக் கொடுத்துடறேன். நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுக்குங்க.”

“நீ?”

“நான் வீட்டுல சாப்பிடறேன். அதுக்கென்ன இப்போ.”

அதுக்கென்ன இப்போ என்று சொன்னவர், கேரியரின் ஒரே கிண்ணத்தை மூன்று முறை துடைத்தார். ஒருசொட்டு கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். இந்தத் திரைக்குப் பின்னால், எதிரே யாரும் இல்லாமல் தான் மட்டும் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்துப் பார்த்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

வியாழக்கிழமை மாடி நிறைந்து வழிந்தது. மூன்றாவது வரிசையில் மனைவி, மடியில் கேரியர். ஒருசொட்டு சத்தியம் செய்துவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“வழிக்காக நான் வெட்டலீங்க மேடம். அந்த வழியில நடக்க நான் யாரையும் கேட்டதில்ல. அவரும் யாரையும் தடுத்ததில்ல. நன்றின்னு சொன்னது பொய். நான்தான் கட்டிவிட்டேன்.”

“அப்ப எதுக்காக வெட்டினீங்க?”

“காதுக்காக.”

“எதுக்காக?”

“கடை திறந்த நாலாம் நாளு, ஐயாவோட இடது காதுல ஒரு துண்டை நான் வெட்டிட்டேன் மேடம். வெளிய சொல்லமாட்டேன்னார். அதுக்குத்தான் ஆயுசுக்கும் வெட்டினேன். இடப்பக்க வெட்டுங்கறதே அதை மறைக்க வந்ததுதான்.”

அறையில் இருந்த ஆண்களில் பாதிப் பேரின் கை, ஒரே நேரத்தில், தன்னையறியாமல் இடது காதுக்குப் போயிற்று. அதிகாரி அம்மாவின் பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த குமாஸ்தாவின் கையும் அதில் ஒன்று. சிரிப்பு ஓர் ஓரத்தில் கிளம்பி மறு ஓரம் வரை போயிற்று. ஒருசொட்டுக்குக் காது மடல் சுட்டது. மனைவியின் பக்கம் திரும்பவே இல்லை.

அதிகாரி அம்மா மேசையைத் தட்டினார். “இதுக்கு ஏதாவது ஆதாரம் இருக்கா? அவரும் உயிரோட இல்லையே.”

இல்லை என்று ஒருசொட்டு தலையாட்டினார். யார் பார்த்தார்கள்? தான் எவ்வளவு திறமையாக மறைத்தோம் என்று அன்றுதான் முதல்முறையாக வருத்தப்பட்டார்.

அப்போது எதிர்ப்பக்கம் நாற்காலி நகர்ந்தது. பெரிய வீட்டு மகன் எழுந்து நின்றிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

“நாய் கடிச்சதுன்னு சொன்னார்” என்றார்.

“யாரு?”

“எங்கப்பா. காதுல ஒரு துண்டு இருக்காது. சின்ன வயசுல பார்த்திருக்கேன். சுவரோரத்துல ஒரு நாய் கடிச்சிட்டதுன்னு சொன்னார். எங்கம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னார்.” அவர் ஒருசொட்டையே பார்த்தபடி பேசினார். “எனக்கு ஏழு வயசு. எங்கப்பாவைக் கடிச்ச நாயைச் சும்மா விடறதான்னு ஒரு கம்பை எடுத்துக்கிட்டு சுவரோரத்துல போய் நின்னேன். அப்பா ஓடி வந்து கம்பைப் பிடுங்கிட்டார். ‘இது ஊர் வழிடா. நம்ம வழி இல்ல. இதுல யாரு வரணும் யாரு போகணும்னு சொல்ல நாம யாரு? அந்த நாயும் வரும், போகும். நீ உள்ள வா’ன்னு...”

சொல்லிக்கொண்டே வந்தவர் அங்கே நின்றுவிட்டார். என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கே உறைத்தது. அறைக்கும் உறைத்தது. குமாஸ்தாவின் பேனா மட்டும் கேட்டது.

“கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்றீங்களா?” என்றார் அதிகாரி அம்மா, மெதுவாக.

அவர் நினைத்திருந்தால் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அப்பா பேசிய குரலிலேயே சொன்னார். “இது ஊர் வழிடா. நம்ம வழி இல்ல.” சொல்லிவிட்டு உட்கார்ந்து, கைக்குட்டையை எடுத்துக்கொண்டார்.

உத்தரவு எழுத்தில் வரும், அதுவரை கதவை மூடக்கூடாது என்று சொல்லி அதிகாரி அம்மா கோப்பைக் கட்டினார். தபால்கார அக்கா போட்ட சத்தத்தில் கீழே வரி கட்ட நின்றவர்கள் மேலே ஓடி வந்தார்கள். ஒருசொட்டுக்கு அந்த மகிழ்ச்சியில் கலந்துகொள்ளத் தெரியவில்லை. முப்பத்திரண்டு வருடம் ஐயா தன் பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லவில்லை. இல்லாத நாய் ஒன்றை வளர்த்துத் தன்னைக் காப்பாற்றியிருக்கிறார். தான் என்ன செய்தோம்? அவர் பெயரைப் பொய்க்கு முட்டாகக் கொடுத்தோம்.

சுவரோரமாக இருவரும் நடந்து திரும்பினார்கள். நூறு அடி வரை மனைவி அடிகளை எண்ணிக்கொண்டே வந்தார்.

“எத்தனை சொட்டு?” என்றார் பிறகு.

“எண்ணலம்மா. ஒரு துவாலையே நனைஞ்சு போச்சு.”

“அந்தப் பலகைக்குச் சிவப்பு சரியாத்தான் இருந்திருக்கு.”

மறுநாள் காலை ஒருசொட்டு பலகையைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். கத்தரியைத் துடைத்தார். சீப்புகளை அடுக்கினார், கலைத்தார், அடுக்கினார். பன்னிரண்டு மணி வரை ஒருவரும் வரவில்லை. வழியில் போனவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள், நல்ல சிரிப்புதான், ஆனால் காதைப் பிடித்துக்கொண்டே போனார்கள். முடிந்தது கதை என்று அவர் முடிவு கட்டியபோது கண்ணாடியில் ஓர் ஆள் தெரிந்தார். பெரிய வீட்டு மகன். காரில் வரவில்லை. சுவரோரமாக நடந்து வந்திருந்தார்.

நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஒருசொட்டு துணியை உதறிக் கட்டினார். வழக்கமாக அந்த இடத்தில் வரும் வசனம் வரவில்லை.

“அந்த நாய் எப்படி இருக்கும்னு அப்பாகிட்ட நிறைய தடவை கேட்டிருக்கேன் மாஸ்டர்” என்றார் மகன், கண்ணாடியைப் பார்த்து. “குட்டையா இருக்கும்பார். பெரிய மீசை இருக்கும்பார். நாய்க்கு எதுக்குப்பா அவ்வளவு பெரிய மீசைன்னு கேப்பேன், பதில் வராது. ஓயாம வாயைத் திறந்துகிட்டே இருக்கும்பார். கடிச்சது என்னவோ கடிச்சிடுச்சு, ஆனா அது மாதிரி நன்றியுள்ள ஜீவன் இந்த ஊர்லயே கிடையாதும்பார்.”

ஒருசொட்டு சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் அது வேறாகிவிட்டது. கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார். மகன் அவசரப்படுத்தவில்லை.

“எப்படி வெட்டட்டும் தம்பி?”

“காது ரெண்டும் நல்லா தெரியற மாதிரி வெட்டுங்க.”

அன்று அந்த நாற்காலியில் ஒருசொட்டு ஒரு வார்த்தை பேசாமல் வெட்டினார். வாசலில் இரண்டு பேர் வந்து நின்றார்கள், பிறகு நான்கு பேர், பெஞ்சில் உட்கார்ந்தார்கள். முடித்ததும் மகன் சட்டைப்பைக்குள் கைவிட்டார்.

“வேணாம் தம்பி. உங்க வீட்டுத் தலைக்கு நான் வாங்கிப் பழக்கமில்ல.”

“வாங்கிடுங்க மாஸ்டர். இல்லன்னா இதையும் வழிக்காகன்னு எழுதிடுவாங்க.”

பெஞ்ச் முழுக்கச் சிரித்தது. ஒருசொட்டு வாங்கிக்கொண்டார். பிறகு, பழக்க தோஷத்தில், பின்னால் கைக்கண்ணாடியைப் பிடித்தார். மகன் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. இரண்டு காதையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “ரெண்டும் இருக்கு” என்றார்.

வெளியே, சுவரோரத்துக் கற்களில், கேரியரின் சத்தம் ஒவ்வோர் அடியாக நெருங்கிக்கொண்டிருந்தது. மணி ஒன்று.